பை எடுத்த பிறகு பழகும் காலம்

(நமது அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது சபையில் பேசத் தயங்குகிற விஷயம். குடலில் ஆபரேஷன் செய்து, வயிற்றில் மலப்பை வைத்து, சில மாதம் கழித்துக் குடலைத் திரும்பச் சேர்த்துப் பையை எடுத்துவிட்டு வீடு திரும்பியவர்களின் கஷ்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். மலம், காற்று, ஆசனவாய் என்ற சொற்கள் இதில் வரும். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம் ஃபிக்ஹு நூல்கள் எல்லாம் சுத்தத்தின் பாடத்தில்தான் தொடங்குகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு உஸ்தாத் கூச்சமில்லாமல் சொல்லிக் கொடுப்பதைப் பெரியவர்கள் நமக்குள் பேசிக்கொள்ள என்ன தடை?

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். அறக்கட்டளைக்கு வருகிற மருத்துவ உதவி மனுக்களை நான் படிக்கிறேன். முதல் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வருகிறார்கள். மாதாமாதம் பை வாங்கக் காசு போதவில்லை என்று வருகிறார்கள். பையை எடுக்கும் ஆபரேஷனுக்கும் வருகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு மனுவும் வருவதில்லை. ஆள் நலமாகிவிட்டார் என்று நாமும் கோப்பை மூடிவிடுகிறோம்.

அப்படிப்பட்ட சில வீடுகளுக்குப் போய் விசாரித்தோம். ஒரு சகோதரர் நாளைக்குப் பன்னிரண்டு தடவை கழிப்பறைக்குப் போகிறார். ஜும்ஆவுக்கு வந்து மாதக்கணக்காகிறது. கல்யாண வீடு, ஜனாஸா எதற்கும் போவதில்லை. "பை இருந்தப்பவே நிம்மதியா இருந்தேன் பாய். இப்ப வாசப்படி தாண்டவே பயமா இருக்கு" என்றார். அவர் பெயரையோ தெருவையோ நான் சொல்ல மாட்டேன். அவரைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேட்க வெட்கம், வீட்டில் சொல்ல வெட்கம். "ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது, இனி ஆயுளுக்கும் இப்படித்தான்" என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். பையை எடுத்ததோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. குடல் தன் வேலையைத் திரும்பப் பழகிக்கொள்ள மாதங்கள் ஆகும், பலருக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அந்தக் காலத்தைக் கடக்க வழிகள் இருக்கின்றன. அதை அந்த மனிதர் தனியாகக் கடக்கும்படி நாம் விடக்கூடாது. நான் டாக்டர் இல்லை. டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

உள்ளே என்ன நடக்கிறது?

பை எதற்காக வைக்கிறார்கள்? மலக்குடலில் புற்றுக்கட்டி வந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மேலே உள்ள பெருங்குடலைக் கீழே இறக்கித் தைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை மலம் அதன் வழியே போகாமலிருக்க, சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றின் மேல் கொண்டுவந்து பையை ஒட்டிவிடுகிறார்கள். டைஃபாய்டு காய்ச்சல் முற்றிக் குடலில் ஓட்டை விழுந்தவர்கள், குடலில் டி.பி. வந்தவர்கள், சாலை விபத்திலோ வேலையிடத்திலோ வயிற்றில் பலமாக அடிபட்டவர்கள், பிறவிக் குறை உள்ள குழந்தைகள் ஆகியோருக்கும் இப்படிச் செய்வதுண்டு. இரண்டு, மூன்று மாதத்திலோ, கீமோ சிகிச்சை இருந்தால் அது முடிந்த பிறகோ குடலைத் திரும்பச் சேர்க்கிறார்கள்.

நம் உடம்பில் அல்லாஹ் அமைத்திருக்கிற ஏற்பாட்டைக் கொஞ்சம் பாருங்கள். சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 லிட்டர் நீர்த்த பொருள் வந்து சேர்கிறது. பெருங்குடல் அந்த நீரில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லி தண்ணீர்தான். கடைசியில் இருக்கும் மலக்குடல் ஒரு தொட்டி மாதிரி. மலம் வந்து சேரும்போது அது விரிந்து இடம் கொடுக்கும். "வந்திருப்பது காற்றா, மலமா" என்று பிரித்துச் சொல்லும். இடம், நேரம் பார்த்துப் போகும்வரை தாங்கிக்கொள்ளும்.

இப்போது அந்தத் தொட்டியையே எடுத்துவிட்டார்கள், அல்லது பாதி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் குறுகலான பெருங்குடல் குழாய் ஒன்று நிற்கிறது. அதற்கு விரிந்து கொடுக்கத் தெரியாது. ஆபரேஷனில் சில நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அந்த இடம் இறுகிப்போயிருக்கும். பை இருந்த மாதங்களில் பெருங்குடலுக்கும் ஆசனவாய்த் தசைக்கும் வேலையே இல்லை. மாவுக்கட்டு பிரித்த கை உடனே மூட்டை தூக்குமா? இதுவும் அப்படித்தான்.

ஐந்து கேள்விகள்

மலக்குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் இந்தத் தொல்லைகளுக்கு டாக்டர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக லார்ஸ் என்பார்கள். டென்மார்க் நாட்டு டாக்டர்கள் இதை அளந்து பார்க்க ஐந்து கேள்விகளை உருவாக்கி 2012-இல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க அதையே பயன்படுத்துகிறார்கள். அந்த ஐந்தையும் நம் பேச்சில் சொல்கிறேன்.

ஒன்று, காற்றை அடக்க முடியாமல் போகிறதா? இரண்டு, நீர்த்த மலம் தன்னையறியாமல் கசிகிறதா? மூன்று, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள்? நான்கு, போய்வந்து ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் போக வேண்டியிருக்கிறதா? ஐந்து, வந்தால் ஓடித்தான் ஆக வேண்டும் என்கிற அவசரம் இருக்கிறதா?

ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 42. 20 வரை என்றால் லார்ஸ் தொல்லை இல்லை, 21 முதல் 29 வரை லேசானது, 30-உம் அதற்கு மேலும் கடுமையானது என்று கணக்கு. கணக்கை டாக்டர் போடட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இந்த ஐந்துக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போவது. வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் தாளை நீட்டிவிடுங்கள். டேனிஷ்காரர்களும் கேட்கிற கேள்வி, நம் ஊர்க்காரரும் சொல்கிற கஷ்டம், இரண்டும் ஒன்றாக இருக்கிறதே! அப்படியானால் இது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த சோதனை இல்லை.

பெரும்பாலோருக்கு முதல் சில மாதங்கள்தான் மிகக் கடினம். பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது. சிலருக்கு ஓரளவு தொல்லை நிரந்தரமாகவே தங்கிவிடும். அவர்களுக்கும் மேற்கொண்டு சிகிச்சை இருக்கிறது. ஆசனவாய் வழியே நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை, தசைக்குக் கருவி வைத்துப் பயிற்சி தரும் முறை எல்லாம் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில் சாப்பாடு. மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிடுவதை விட்டு, ஐந்து ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். நன்றாக மென்று சாப்பிட வேண்டும். குழைந்த சோறு, இட்லி, தயிர்சோறு, வாழைப்பழம், ஜவ்வரிசிக் கஞ்சி, தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்கு ஆகியவை பொதுவாக மலத்தைக் கெட்டிப்படுத்தும். மிளகாய்க் காரம், எண்ணெய்ப் பலகாரம், நெய் மிதக்கும் பிரியாணி, கெட்டிப் பால், காபி, பழச்சாறு ஆகியவை பலருக்கு இளக்கிவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், மொச்சை, கடலை, சோடா ஆகியவை காற்றைக் கூட்டும். பலருக்கு என்றுதான் சொல்கிறேன், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நோட்டுப் போட்டு, என்ன சாப்பிட்டோம், எப்போது போனோம் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை உங்கள் உடம்பே காட்டிக் கொடுத்துவிடும். பிடிக்காததை எல்லாம் ஒரேயடியாக நிறுத்தி உடம்பை வற்றவிடாதீர்கள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

"தண்ணீர் குடித்தால் அதிகமாகப் போகுமே" என்று சிலர் தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. மலத்தோடு நீரும் உப்பும் போய்க்கொண்டிருக்கும். சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால், எழுந்தால் தலை சுற்றினால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும்.

மருந்துகளில் லோப்பரமைடு மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. குடலின் ஓட்டத்தை நிதானப்படுத்தும். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்கச் சொல்வார்கள். இஸப்கோலும் தருவார்கள். அது மலச்சிக்கலுக்குத்தானே என்று குழம்ப வேண்டாம். நீரை உறிஞ்சி மலத்தைக் கூழாகத் திரட்டுவதால் இதற்கும் பயன்படுகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மெடிக்கலில் வாங்கி விழுங்காதீர்கள். காய்ச்சலோ ரத்தமோ வயிறு உப்புசமோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரை தீங்கு செய்யும்.

அடுத்தது தசைப் பயிற்சி. காற்றை அடக்குகிற மாதிரி ஆசனவாயை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பிறகு தளர விட வேண்டும். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, தொடையையும் வயிற்றையும் இறுக்கக் கூடாது. பழகப் பழகப் பத்து எண்ணும்வரை பிடிக்கலாம். எப்போது தொடங்கலாம் என்று சர்ஜனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவசரம் வரும்போது உடனே எழுந்து ஓடாமல், உட்கார்ந்தபடி இறுக்கிப் பிடித்து ஒரு நிமிடம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் இரண்டு நிமிடம். இப்படித்தான் குடல் பழகும். வெளியிடத்தில் பரீட்சை வேண்டாம். வீட்டில், கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள்.

அடிக்கடி போவதால் தோல் புண்ணாகிவிடும். உட்காரக்கூட முடியாது. நம் வழக்கப்படி தண்ணீரால் கழுவுவதே இதற்கு நல்ல மருந்து. கழுவியபின் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். டெட்டால், வாசனை சோப்பு, பவுடர் எதுவும் அங்கே படக் கூடாது.

இனி ஒரு எச்சரிக்கை. வயிறு உப்பி வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால், காய்ச்சல் அடித்தால், பை இருந்த இடத்துத் தழும்பு சிவந்து சீழ் வந்தால், மலத்தில் ரத்தம் போனால், தண்ணீராகப் போவது நிற்காமல் மயக்கம் வந்தால் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டிக்குக் காசில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். பிறகு எங்களையும் அழையுங்கள். பை எடுத்து முதல் ஆறு, எட்டு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. அந்தத் தழும்பு வழியே குடல் இறங்கிவிடும்.

வேலையும் பயணமும்

நம் பகுதியில் பாதிப் பேர் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறும்போது சாப்பாட்டு நேரம் மாறுகிறது, குடலின் நேரமும் குழம்புகிறது. வேலைக்குத் திரும்பும்போது சில மாதத்துக்கு ஒரே ஷிஃப்ட் கேளுங்கள். லைனில் ஆள் மாற்றி நிற்க முடியாத இடத்திலிருந்து, எழுந்து போக முடிகிற இடத்துக்கு மாற்றக் கேளுங்கள். எல்லா விவரத்தையும் சொல்ல வேண்டியதில்லை. "குடல் ஆபரேஷன் ஆனவர், அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி தேவை" என்று டாக்டர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். வேலை நேரம் முழுவதும் தொழிலாளி அணுகக்கூடிய வகையில் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவே எழுதிவைத்தது. அதன் பிறகு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் கழிப்பறை வசதி முதலாளியின் கடமையாகவே இருக்கிறது. நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள் கவனியுங்கள். தகுதி உள்ளவருக்கு நோய் விடுப்பில் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்கு, 80 சதவீதம் வரை நீட்டித்த உதவியும் உண்டு. இது தெரியாமல் சம்பளமில்லா லீவு போட்டுக் கடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு அதில் அடங்கும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள்.

பயணம்தான் பலருக்குப் பெரிய பயம். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதே இதனால் நின்றுபோனவர்கள் உண்டு. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே லேசாகச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். டாக்டர் அனுமதித்த மாத்திரையைப் பயண நாளில் எப்போது போடலாம் என்று கேட்டு வையுங்கள். கூட்டம் குறைந்த நேர வண்டியில் போங்கள். பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ இறங்கி அடுத்த வண்டியில் ஏறினாலும் ஒன்றும் குடி மூழ்காது. ஒரு சிறு பையில் மாற்றுத் துணி, பேட், தண்ணீர் பாட்டில், களிம்பு, பிளாஸ்டிக் கவர் ஆகியவை இருக்கட்டும். பை கையில் இருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள், அங்கேதான் உங்கள் விவரம் இருக்கிறது. நம் பக்கத்துக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டிலும் குடல் அறுவைச் சிகிச்சைக்குத் தனித் துறை உண்டு. 2022 ஜனவரி முதல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவர்கள் பலர், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் பார்த்திருப்பீர்கள். அங்கே மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். குடல் தொல்லைக்கு வெட்கப்பட்டுப் போகாமல் இருந்தால், புற்றுநோய் திரும்புகிறதா என்ற பரிசோதனையும் சேர்ந்து நின்றுபோகும். அதுதான் உயிருக்கு ஆபத்து.

தொழுகையும் நோன்பும்

இப்போது நம் எல்லாருடைய மனதிலும் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். "காற்று அடங்கவில்லை, கசிகிறது, நான் எப்படித் தொழுவேன்?"

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற ஸஹாபியப் பெண்மணி, தமக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை, தொழுகையை விட்டுவிடவா என்று நபியவர்களிடமே வந்து கேட்டார். விட வேண்டாம் என்று சொல்லி, மாதவிடாய் நாட்கள் தவிர மற்ற நாட்களில் எப்படித் தொழ வேண்டும் என்று நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அந்தப் பெண்மணி அன்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்திருந்தால்? அவர் கேட்ட கேள்வியிலிருந்துதான், உளூ நிற்காத எல்லா நோயாளிகளுக்கும் 'மஃதூர்' என்ற சட்டத்தை இமாம்கள் விரித்து எழுதினார்கள். சிறுநீர் சொட்டுபவர், காற்று அடங்காதவர், மலம் கசிபவர் எல்லாரும் அதில் வருகிறார்கள்.

ஹனஃபி மத்ஹபில், ஒரு தொழுகையின் நேரம் முழுவதிலும் உளூச் செய்து ஃபர்ளைத் தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காவிட்டால் அவர் மஃதூர் ஆகிறார். அதன் பிறகு ஒவ்வொரு நேரத்திலும் ஒரு தடவையாவது அந்தத் தொல்லை வந்துகொண்டிருக்கும்வரை அந்த நிலை நீடிக்கும். அவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒரு உளூச் செய்தால், அந்த நேரம் முடியும்வரை அந்தக் காரணத்தால் உளூ முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில், நேரம் வந்தபின் சுத்தம் செய்து, பேட் மாற்றி, உளூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூ. இடையில் சுத்தமான இடைவெளி கிடைக்கிறவர்கள் மஃதூர் ஆகமாட்டார்கள். அவர்கள் அந்த இடைவெளியைப் பார்த்துத் தொழுதுகொள்ள வேண்டும். உங்கள் நிலை எதில் வருகிறது என்பதை நம் ஹள்ரத்திடம் தனியாகக் கேளுங்கள். ஹள்ரத் அவர்கள் அஸருக்குப் பிறகு இதற்காகவே உட்காரச் சம்மதித்திருக்கிறார்கள். பெண்கள் ஆலிமா மூலம் கேட்டுக்கொள்ளலாம்.

மலத்தையோ சிறுநீரையோ அடக்கிக்கொண்டு தொழுவது விரும்பத்தக்கது இல்லை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. அதனால் இகாமத் சொல்லும்போது உங்களுக்கு அவசரம் வந்தால் தயங்காமல் வெளியே போங்கள். ஸஃப்பிலிருந்து ஒருவர் எழுந்து போனால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம். நோயால் பள்ளிக்கு வர முடியாதவருக்கு வீட்டில் தொழ அனுமதி இருக்கிறது. அந்த அனுமதியை நோயாளி பயன்படுத்தலாம். அவரை மறந்துவிட நமக்கு அதில் அனுமதி இல்லை.

நோன்பைப் பொறுத்தவரை, பை எடுத்த பிறகு வரும் முதல் ரமலானுக்கு முன்பே டாக்டரைக் கேளுங்கள். நீர் வற்றும் ஆபத்து உள்ளவர் நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்யலாம். குணமாகும் நம்பிக்கையே இல்லாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. ஆசனவாய் வழியே மருந்தோ நீரோ செலுத்தினால் நோன்பு முறியும் என்பது இரண்டு மத்ஹபிலும் உள்ள சட்டம். அதை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு பிடிக்க அனுமதி கிடைத்தவர்கள் இஃப்தாரில் பஜ்ஜி, சமோசா, ரோஸ்மில்க் என்று ஒரேயடியாக இறங்காமல், தண்ணீரும் காரம் குறைத்த கஞ்சியுமாகத் தொடங்கி, இரவில் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுங்கள்.

வீட்டாருக்கும் ஜமாஅத்துக்கும்

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. "இன்னுமா உள்ளே இருக்கே?" என்று கதவைத் தட்டாதீர்கள். "பைதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்காதீர்கள். வீட்டில் ஒரே கழிப்பறை என்றால் காலையில் அவருக்கு முதல் முறை கொடுங்கள். தனியாகச் சமைக்க முடியாவிட்டாலும் காரம் போடுவதற்கு முன் அவருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். துணி கெட்டுப்போனால் பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள். அவர் கோபப்படுவார், பேசாமல் இருப்பார். அது உங்கள் மேலுள்ள கோபம் இல்லை. கணவன் மனைவிக்கு இடையே விலகல் வருவதுண்டு. மலக்குடல் ஆபரேஷனில் நரம்பு பாதிப்பதாலும் அது வரலாம். அதையும் டாக்டரிடம் சொல்லலாம், சிகிச்சை உண்டு.

சகோதரிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். ஆண்கள் இந்த நோயைப் பாதி மறைக்கிறார்கள் என்றால் நம் பெண்கள் முழுதாக மறைக்கிறார்கள். ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று மாதக்கணக்கில் தாங்கிக்கொள்கிறார்கள். மார்க்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்சாரிப் பெண்களைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டிச் சொல்லியிருக்கிறார்கள். பெண் டாக்டர், பெண் நர்ஸ் வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் நம் பெண்கள் குழுவிலிருந்து ஒருவர் வருவார்.

கடைசியாக ஜமாஅத்துக்கு நான்கு வேண்டுகோள்கள். ஒன்று, நம் பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காரும் வசதியுள்ள மேற்கத்தியக் கழிப்பறை ஒன்று வேண்டும். தண்ணீர்க் குழாயும், பேட் போட மூடிபோட்ட குப்பைத்தொட்டியும், பூட்டு வைக்காத கதவும் வேண்டும். முழங்கால் வலிக்கும் பெரியவர்களுக்கும் அது பயன்படும். இரண்டு, கடைசி ஸஃப்பில் வாசல் ஓரமாக இரண்டு இடத்தை நோயாளிகளுக்கு விடுங்கள். மூன்று, மூன்று ஜும்ஆ தொடர்ந்து வராதவர் யார் என்று பார்த்து, குறை சொல்லாமல் போய் நலம் விசாரியுங்கள். நான்கு, இது அறக்கட்டளைக்கு: பை எடுத்தவரின் கோப்பை இனி ஒரு வருடத்துக்கு மூடாமல் வைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் கேட்டிருக்கிறேன். பேட், களிம்பு, ஓ.ஆர்.எஸ்., மறுபரிசோதனைக்குப் போகும் செலவு ஆகியவை மருத்துவ உதவியில் சேர வேண்டும். பெரிய தொகை ஆகாது. ஸதகா கொடுப்பவர்கள் இதற்கென்று சொல்லிக் கொடுத்தால் அதற்கே செலவழிப்போம்.

ஏற்கெனவே இந்தக் கட்டத்தைத் தாண்டி வேலைக்கும் பள்ளிக்கும் திரும்பியவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கலாம். எழுந்து நிற்கச் சொல்ல மாட்டேன். கூட்டம் முடிந்தபின் என்னிடம் மெதுவாகச் சொல்லுங்கள். இப்போது கஷ்டப்படும் ஒருவரின் போன் எண்ணை, அவர் சம்மதத்தோடு, உங்களிடம் தருகிறேன். "எனக்கும் இப்படித்தான் இருந்தது, இப்போது பரவாயில்லை" என்று நீங்கள் சொன்னால் போதும். நான் இவ்வளவு நேரம் பேசியதைவிட அது அவருக்குத் தெம்பு தரும்.

யா அல்லாஹ்! நோயில் இருப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. அவர்களைப் பராமரிக்கும் வீட்டாருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தருவாயாக. நோயாளி வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டிய ஊராக எங்கள் ஊரை ஆக்கிவிடாதிருப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.